செயின் சாவை இயக்கும் முன் மரத்தைப் படியுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் மாதங்களில், மரம் அறுக்கும் மெஷினைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்குக் கூடுதலாக வருகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, அரிவாளையும் கோடரியையும் மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை மரங்களை அகற்ற முடியாது என்பதை டெல்டா விவசாயிகள் நேரில் கண்டார்கள். அதற்கு முன்பு மர வியாபாரிகளிடமும் அறுவைத் தொழிலாளர்களிடமும் மட்டுமே இருந்த செயின் சாவை, இன்று தோப்பு வைத்திருக்கும் பலர் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறார்கள். மெஷின் வந்த வேகத்தில் அதைக் கையாளும் பயிற்சி வரவில்லை என்பது என் கவலை. அதனால் இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சீமைக் கருவேலம் அழிக்கும்போது, மெஷின் திடீரென்று மேல்நோக்கித் துள்ளி முகத்தை நோக்கி வருகிறது. மெஷினில் கோளாறா, நான் பிடிக்கும் முறையில் தவறா? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

உங்கள் மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் அறுக்கும் மரமும், பாரின் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின்) நுனி எங்கே போகிறது என்பதைக் கவனிக்க முடியாமல் போவதும்தான் காரணம். செயின், பாரின் மேல்விளிம்பில் உங்களிடமிருந்து விலகி முன்னோக்கி ஓடி, நுனியில் வளைந்து இறங்கி, கீழ்விளிம்பில் உங்களை நோக்கித் திரும்புகிறது. கீழ்விளிம்பால் அறுக்கும்போது மரம் மெஷினைத் தன் பக்கம் இழுக்கும். மேல்விளிம்பால் அறுக்கும்போது மெஷின் உங்கள் பக்கம் தள்ளப்படும். இந்த இரண்டையும் கைகள் தாங்கிக்கொள்ளும். நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால் மட்டும் நிலைமை வேறு. அங்கே செயின் பற்கள் மரத்தை வெட்ட இடமில்லாமல் மாட்டிக்கொள்ள, செயினில் இருந்த விசை முழுவதும் பாரின் மேல் திரும்பி, அதை மேலே தூக்கிப் பின்னோக்கி எறிகிறது. கண் அதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை விலகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனவே துள்ளிய பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முற்றிலும் விட்டுவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் நெருக்கமாகக் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னி நிற்கும். முன்னால் இருக்கும் தண்டை அறுக்கும்போது, பாரின் நுனி பின்னால் இருக்கும் தண்டிலோ தரையில் கிடக்கும் குச்சியிலோ நீங்கள் பார்க்காமலே போய் முட்டுகிறது. ஆகவே முதலில் அரிவாளால் முள் கிளைகளைக் கழித்து, அடிப்பகுதியைச் சுத்தம் செய்து, பாரின் நுனி கண்ணுக்குத் தெரியும்படி இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். வெளிப்புறத் தண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். தேவைக்கு மேல் நீளமான பார் போட்டிருந்தால், குட்டையான பாருக்கு மாறுங்கள்; நுனி உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வரும்.

பிடிக்கும் முறையையும் கேட்டிருக்கிறீர்கள். வலது கை பின் கைப்பிடியிலும் இடது கை முன் கைப்பிடியிலும் இருக்க வேண்டும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் மெஷினின் பாதுகாப்பு அமைப்பு அந்தப் பிடியை வைத்தே செய்யப்பட்டிருக்கிறது. இடது கையின் கட்டைவிரல் கைப்பிடிக்கு அடியில் சுற்றி வந்து பூட்டியிருக்க வேண்டும். பலர் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மேலேயே வைக்கிறார்கள். துள்ளும்போது அந்தப் பிடி நழுவிவிடும். முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தடுப்பு, கையைக் காக்கும் கவசம் மட்டுமல்ல, அதுதான் செயின் பிரேக். மெஷின் துள்ளும்போது கையின் பின்புறம் அதில் பட்டோ, துள்ளலின் வேகத்திலேயோ அது முன்னால் சாய்ந்து செயினை நிறுத்திவிடும். சிலர் அறுவைக்கு இடைஞ்சல் என்று இதைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மெஷினைத் தயவுசெய்து தொடாதீர்கள். தலையும் கழுத்தும் பாரின் நேர்க்கோட்டில் இல்லாமல், உடலை அந்தக் கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாக வைத்து நில்லுங்கள். தோள் உயரத்துக்கு மேல் மெஷினைத் தூக்கி அறுக்காதீர்கள். ஒற்றைக் கையால் ஒருபோதும் இயக்காதீர்கள்.

கேள்வி: மழையில் வேரோடு சாய்ந்த தென்னைகளை நாங்களே துண்டு போட எண்ணியிருக்கிறோம். நிற்கும் மரத்தை அறுப்பதுதான் ஆபத்து, விழுந்த மரத்தில் பயமில்லை என்கிறார்கள். சரியா? (வாசகர், பேராவூரணி)

சரியல்ல. விழுந்த மரத்தில் ஆபத்து வெளியே தெரியாமல் இருக்கிறது. கிடக்கும் மரம் ஓய்ந்து கிடப்பதாகத் தோன்றினாலும், அதன் எடை முழுவதும் எங்கோ ஓரிடத்தில் தாங்கப்பட்டிருக்கிறது. அதனால் தண்டின் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் நெருக்கப்பட்டும் இருக்கும். இழுபட்டிருக்கும் பக்கத்தில் முதலில் செயினை வைத்தால், மரம் வில் நாண் அறுந்ததுபோல் விசையோடு பிளந்து எகிறும். நெருக்கப்பட்ட பக்கத்தை மட்டும் ஆழமாக அறுத்துக்கொண்டே போனால், வெட்டு மூடிக்கொண்டு பார் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மரத்தைச் சுற்றி நடந்து, அது எங்கே தாங்கப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, அறுத்தால் எந்தத் துண்டு எங்கே போகும் என்று பார்ப்பதே முதல் வேலை.

இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடுப்பகுதி தொங்கிக்கொண்டிருந்தால், மேற்பக்கம் நெருக்கத்திலும் அடிப்பக்கம் இழுப்பிலும் இருக்கிறது. முதலில் மேலிருந்து விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அறுத்து, பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி அந்த வெட்டைச் சந்திக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர்மாறு: அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து மிச்சம். வரப்பிலோ இன்னொரு மரத்திலோ முட்டிப் பக்கவாட்டில் வளைந்திருந்தால், வளைவின் உட்புறத்தில் நின்று, உட்புறத்தையே முதலில் அறுக்க வேண்டும்; வெளிப்புறத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. எந்த வகையானாலும் இரண்டாவது வெட்டை ஒரே மூச்சில் ஓட்டாமல், விட்டுவிட்டு அறுத்து, மரம் அசைகிறதா என்று கவனித்துக்கொண்டே போங்கள். சரிவான கரையில் கிடந்தால் மேட்டுப் பக்கமே நின்று அறுக்க வேண்டும். தென்னை உருண்டை, அறுபட்ட துண்டு உருண்டு காலில் ஏறும். இருபுறமும் கல்லோ கட்டையோ அண்டை கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேர்க்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மெல்லிய சல்லிவேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டு, மரம் சாயும்போது ஒரு பெரிய மண்கட்டியாக எழுந்து நிற்கும். அதன் அடியில் குழி. சாய்ந்த தண்டின் எடைதான் அந்த வேர்க்கட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அடியோடு ஒட்டி அறுத்தவுடன் எடை நீங்கி, வேர்க்கட்டு குட்டைத் தண்டோடு நிமிர்ந்து குழிக்குள் போய் விழலாம். சில நேரம் எதிர்ப்புறமாகவும் சரியலாம். அந்தக் குழியில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பதைப் புயலுக்குப் பிந்தைய நாட்களில் பல தோப்புகளில் கண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை என்பதை நீங்களே நடந்துபோய் உறுதி செய்யுங்கள். ஜேசிபி கிடைத்தால், அதன் கையால் வேர்க்கட்டை அழுத்திப் பிடிக்கச் செய்துவிட்டு அறுப்பது நல்லது. கிடைக்காவிட்டால் வேருக்கு அருகே அறுப்பதைத் தள்ளிவைத்து, மற்ற பகுதியை மட்டும் துண்டு போட்டு முடியுங்கள்.

இன்னொரு செய்தி: தென்னையின் தண்டு வேம்பையோ மாவையோ போன்றதல்ல. அதற்கு ஆண்டு வளையமும் இல்லை, நடுவில் வைரமும் இல்லை. வெளிவட்டம்தான் கடினம், உள்ளே சோறு போல மென்மை. கடினமான வெளிவட்டம் செயினைச் சீக்கிரம் மழுங்கச் செய்யும். ஈர நார் செயினை ஓட்டும் பல்சக்கரத்தைச் சுற்றி அடைத்துக்கொண்டு, பாருக்கு எண்ணெய் வரும் துளையையும் மூடிவிடும். அதனால் தென்னை அறுக்கும் நாட்களில் அடிக்கடி மெஷினை நிறுத்தி, பக்க மூடியைக் கழற்றி நாரை அகற்ற வேண்டியிருக்கும். நிறுத்தாமல், செயின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியால் நாரைத் தட்டிவிடும் பழக்கத்தை எங்கு கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள்.

சாய்ந்த மரம் இன்னொரு மரத்தின் மேல் சிக்கி நின்றால், அதன் அடியில் நடக்கவும் வேண்டாம், தாங்கி நிற்கும் மரத்தை அறுக்கவும் வேண்டாம். நீண்ட வடம் கட்டி, மரத்தின் நீளத்தைவிடக் கூடுதலான தொலைவிலிருந்து டிராக்டரால் இழுப்பதே வழி.

கேள்வி: வீட்டுக்கொல்லையில் 50 செ.மீ. விட்டமுள்ள வேப்பமரம் பட்டுப்போய்விட்டது. வேண்டிய பக்கம் விழச்செய்வது எப்படி? (வாசகி, மணப்பாறை)

அம்மா, முதலில் ஒரு வார்த்தை. பட்டுப்போன மரம், அதுவும் வீட்டை ஒட்டி நிற்பது, புதிதாகக் கற்பவர்களுக்கான மரம் அல்ல. காய்ந்த கிளைகள் அதிர்வில் முறிந்து, அறுப்பவரின் தலையிலேயே விழும். அடிமரம் உள்ளே செல்லரித்திருந்தால், கீழே சொல்லும் கணக்கு எதுவும் பொருந்தாது. அரிவாளின் பின்புறத்தால் தட்டிப்பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்டால், அனுபவமுள்ள ஆளை வைத்து மேலிருந்து பகுதி பகுதியாக இறக்குவதுதான் சரி. ஆனாலும் வேலை செய்ய வருபவர் முறையாகச் செய்கிறாரா என்று நீங்கள் பார்த்துக்கொள்வதற்காக விவரத்தை எழுதுகிறேன்.

மரம் விழும் திசையைத் தீர்மானிப்பது, இரண்டு வெட்டுகளுக்கு நடுவே அறுபடாமல் விடப்படும் மரக்கீற்றுதான். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் முக்கோணமாக ஒரு வெட்டு எடுக்க வேண்டும்; அதன் ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை, அதாவது உங்கள் மரத்துக்குச் சுமார் 10 முதல் 12 செ.மீ. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, முக்கோணத்தின் உள்மூலையைவிட 3 முதல் 5 செ.மீ. உயரத்தில், கிடைமட்டமாக அறுத்து வர வேண்டும். இரண்டு வெட்டும் சந்திக்கக் கூடாது. இடையில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, உங்கள் மரத்தில் 5 செ.மீ. அளவுக்கு, ஒரே சீரான கீற்று மிஞ்ச வேண்டும். அது கதவின் கீல் போல மடங்கி, மரத்தைச் சொன்ன திசையில் இறக்கும். அவசரத்தில் அதையும் அறுத்துவிட்டால், மரம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். பின்வெட்டில் பார் சிக்காமல் இருக்க, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பை அடித்துக்கொள்ளலாம். இரும்பு ஆப்பு செயினில் பட்டால் பற்கள் போய்விடும். தென்னைக்கு இந்தக் கீலை மட்டும் நம்பக் கூடாது, வடமும் கட்டியே ஆக வேண்டும்.

மரம் ஏற்கனவே ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்து, அதே பக்கம் விழச்செய்வதானால் இன்னும் கவனம் தேவை. பின்வெட்டு முடிவதற்குள்ளேயே தண்டு நெடுக்காகப் பிளந்து, பின்பாதி அறுப்பவரின் நெஞ்சு உயரத்துக்கு எகிறி அடிக்கும். அத்தகைய மரத்தைப் பழகிய கைகளுக்கே விட்டுவிடுங்கள்.

அறுக்கத் தொடங்கும் முன், விழும் திசைக்கு எதிராகப் பின்னால் இரு பக்கமும் 45 பாகை சாய்வில் விலகிச் செல்ல வழி துப்புரவாக இருக்க வேண்டும். மரம் அசைந்தவுடன் செயின் பிரேக்கைப் போட்டு, அந்த வழியே விலக வேண்டும். நேர் பின்னால் நின்றால் அடிமரம் உதைக்கும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும்: 15 மீட்டர் மரத்துக்கு 30 மீட்டர். வடம் பிடித்து இழுப்பவர்கள் விழும் பக்கத்திலேயே நின்று இழுப்பது நம் ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. கயிறு மரத்தின் உயரத்தைவிட நன்றாக நீளமாக இருக்க வேண்டும். இல்லையேல் இன்னொரு மரத்தின் அடியில் கப்பி கட்டி, பக்கவாட்டிலிருந்து இழுக்கச் சொல்லுங்கள்.

மரத்தில் ஆணியோ, வேலி கட்டிய கம்பியோ பதிந்திருக்கிறதா என்றும், கதண்டுக் கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மெஷினின் சத்தமும் அதிர்வும் கதண்டைக் கிளப்பிவிடும். கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லி அகற்றிய பிறகே வேலை.

கேள்வி: கூரைக்கு மேல் நீட்டியிருக்கும் கிளையை ஏணி வைத்து ஏறி மெஷினால் அறுக்கலாமா? பக்கத்தில் மின்கம்பி போகிறது. (வாசகர், பண்ருட்டி)

கூடாது. ஏணியில் நிற்பவருக்கு இரண்டு கையும் மெஷினுக்கு வேண்டும். ஏணியைப் பிடிக்கக் கை இருக்காது. அறுபட்ட கிளை ஊசலாடி ஏணியைத் தட்டிவிடும். மின்கம்பி அருகில் இருப்பதால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்தியிருப்பதை நேரில் உறுதிப்படுத்திய பிறகே யாரும் மரத்தை நெருங்க வேண்டும். புயலில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள். தெருவில் ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தாலே, அந்தக் கம்பியில் மின்சாரம் திரும்பிப் பாயும்.

தரையில் நின்றபடி இடுப்பு, நெஞ்சு உயரத்தில் எட்டும் கிளைகளை மட்டும் நீங்கள் கழிக்கலாம். கனமான கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அது முறியும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். ஆகையால் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழிருந்து கால்பங்கு ஆழம் முதலில் அறுங்கள். அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை விழச்செய்யுங்கள். பிறகு மிஞ்சிய குட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் உள்ள புடைப்பைச் சேதப்படுத்தாமல், அதன் விளிம்பை ஒட்டி அறுத்துவிடுங்கள். அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடிக்கொள்கிறது.

கேள்வி: வேலைக்கு வருபவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு அறுக்கிறார்கள். கவச உடை அவ்வளவு அவசியமா? (வாசகர், பொள்ளாச்சி)

அவசியம். அதற்கு ஆகும் செலவு வேலை கொடுப்பவரைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கைலியின் மடிப்பும், கழுத்தில் தொங்கும் துண்டும் ஓடும் செயினில் மாட்டினால், அது ஆளையே இழுத்துவிடும். செயின் சா காயங்கள் பெரும்பாலும் தொடையிலும் முழங்காலிலும் இடது கையிலும்தான் ஏற்படுகின்றன. அதற்கென்று செய்யப்படும் பாதுகாப்புக் கால்சட்டையின் உள்ளே நீண்ட இழைகள் பல அடுக்காக வைக்கப்பட்டிருக்கும். செயின் பட்டவுடன் அவை வெளியே இழுக்கப்பட்டு, பல்சக்கரத்தில் சுற்றிச் செயினை நிறுத்திவிடும். ஜீன்ஸ் பேன்ட் அந்த வேலையைச் செய்யாது. மின்சாரத்தில் ஓடும் மெஷின்களை அந்த இழைகள் பெட்ரோல் மெஷினைப் போல உறுதியாக நிறுத்திவிடும் என்று எண்ணவும் கூடாது. முன்புறம் இரும்பு வைத்த பூட்ஸ், வலைத் தடுப்புள்ள தலைக்கவசம், காதுக் கவசம் ஆகியவையும் வேண்டும். பெட்ரோல் மெஷினின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். நாள் முழுவதும் அறுப்பவரின் செவித்திறன் சிறுகச் சிறுகப் போய்விடும், போனது திரும்பாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாதென்றால் பூட்ஸ், தலைக்கவசம், பாதுகாப்புக் கால்சட்டை மூன்றையும் முதலில் வாங்கி, வேலைக்கு வருபவரிடம் கொடுத்துவிட்டு மெஷினைக் கொடுங்கள்.

கேள்வி: பாரை அழுத்தினால்தான் மரம் அறுபடுகிறது. புது செயின் மாற்ற வேண்டுமா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

தீட்டினாலே போதும். கூர்மையான செயின் மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். மாவு போலத் தூள் வந்தால் செயின் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டும்போது, மரம் அறுந்தவுடன் மெஷின் நிலைதடுமாறி உங்கள் காலை நோக்கி வரும். செயினின் அளவுக்கு ஏற்ற வட்ட அரத்தால், 30 பாகை சாய்வில், எல்லாப் பற்களையும் சம நீளத்தில் தீட்டுங்கள். தீட்டும்போதும் செயினைத் தொடும்போதும் இன்ஜின் நின்றிருக்க வேண்டும், கையுறை அணிந்திருக்க வேண்டும். செயின் பாரோடு ஒட்டியிருக்க வேண்டும், கையால் இழுத்தால் நகரவும் வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கினால், ஆறியதும் சுருங்கிப் பாரை நெரிக்கும். பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப்போய், மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலது காலை வைத்து அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தொங்கவிட்டபடி கயிற்றை இழுக்கும் பழக்கம் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் மர அறுவை வேலைக்குப் போகிறார். வெட்டுக்காயம் பட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்ய வேண்டும்? (வாசகி, கந்தர்வகோட்டை)

இந்தக் கேள்வியை மற்ற வாசகர்களும் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. முதலில், அவர் தனியாக வேலைக்குப் போக வேண்டாம். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இன்னொருவர் இருக்க வேண்டும், அவரிடம் சார்ஜ் உள்ள செல்போன் இருக்க வேண்டும். தோப்புக்கு வரும் வழியை 108-க்கு எப்படிச் சொல்வது என்று இருவரும் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

செயின், கத்தியைப் போல ஒரு கோடாக வெட்டாமல் சதையைப் பிய்த்து எடுப்பதால், ரத்தம் வேகமாகப் போகும். காயத்தின் மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். துணி நனைந்தால் அதை எடுத்துவிடாமல், அதன் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு நான்கு விரல்கடை மேலே, மூட்டின் மேல் வராதபடி, அகலமான துணியைச் சுற்றிக் கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். மெல்லிய கயிறோ கம்பியோ கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வைத்து மருத்துவமனையில் சொல்லுங்கள். வழியில் தளர்த்திப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பக் கூடாது. விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். விரலில் பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது. அவர் எடுத்துப்போகும் மெஷின் பெட்டியில் மடித்த பருத்தித் துணியும் அகலமான கட்டுத்துணியும் எப்போதும் இருக்கும்படி, இன்றே ஒரு பை தயார் செய்து வையுங்கள்.